திருப்பிக் கொடுத்தால் கிருபையை அவமதிப்பதாகுமா?

ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கும் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

குடும்பத்தில் பணநெருக்கடி வந்த நாளில் ஒரு பொய் வவுச்சர் போட்டு ரொக்கப் பெட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்தார். யாரும் கேட்கவில்லை. பிறகு அது பழக்கமானது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்தது. மொத்தம் ஏறக்குறைய நான்கு மாதச் சம்பளம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தானாகவே நிறுத்திவிட்டார். இடையில் ஒரு தணிக்கையில் கணக்கு இடித்தபோது அவருக்குக் கீழே வேலை பார்த்த ஓர் இளம்பெண் மேல் சந்தேகம் விழுந்தது. எதுவும் நிரூபிக்கப்படவில்லை. அந்தப் பெண் மனம் வெறுத்து வேலையை விட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் இவருக்கு விசுவாசத்தில் ஆழமான ஈடுபாடு வந்திருக்கிறது. சபைப் போதகரிடம் பெயர் சொல்லாமல் கேட்டபோது, "நாம் நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்ல. கடந்தகாலப் பாவமும் எதிர்காலப் பாவமும் சிலுவையிலேயே தீர்ந்துவிட்டன. மறுபடி அறிக்கையிடுவதும் ஈடுகட்டுவதும் அவிசுவாசம்" என்றார். சபை மூப்பர் ஒருவரோ எபிரெயர் 10:26ஐக் காட்டி, தெரிந்தே செய்த பாவத்துக்கு இனிப் பலியே இல்லை என்றார். கணவர், "கிருபையின் காலத்தில் இருக்கிறோம், புதைத்ததைத் தோண்டாதே" என்கிறார். இவர் எடுத்த தொகைக்குச் சமமான பணத்தைத் தவணை தவணையாகக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டார். ஆனாலும் நிம்மதி இல்லை. பதினொரு மாதங்களாகத் திருவிருந்துக்கு முன்பே எழுந்து வெளியே போய்விடுகிறார். இரவில் ஒரே மன்னிப்பு ஜெபத்தை முப்பது நாற்பது முறை சொல்கிறார். ஒரு சொல் தவறினாலும் முதலிலிருந்து தொடங்குகிறார். அவருடைய கேள்விகள் இரண்டு: எனக்கு மன்னிப்பு உண்டா? பணத்தைத் திருப்பிக் கொடுத்தால், கிருபையை விட்டு நியாயப்பிரமாணத்தின் கிரியைக்குத் திரும்பினவளாவேனா?

அன்புச் சகோதரி,

உங்கள் போதகர் சொன்னதில் பாதி சரி. மூப்பர் காட்டிய வசனம் வேதத்தில் இருக்கிறது. இருந்தும் ஒருவர் உங்களிடம் "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்கிறார், இன்னொருவர் "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார். இருவர் பேச்சையும் கேட்டு நீங்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டீர்கள். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு பேர் மீதும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

முதலில் ஒரு திருத்தம். பழைய ஏற்பாட்டில் தேவன் சட்டம் போட்டார், புதிய ஏற்பாட்டில் இயேசு அதை எடுத்துப்போட்டார் என்ற பொருளில் எழுதியிருக்கிறீர்கள். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். யாத்திராகமத்தின் வரிசையைப் பாருங்கள். பதினான்காம் அதிகாரத்தில் செங்கடல் பிளக்கிறது. சீனாய் மலையில் பத்துக் கட்டளைகள் வருவது இருபதாம் அதிகாரத்தில். எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தவர்களிடம், "இந்தப் பத்தையும் கைக்கொண்டால் விடுவிக்கிறேன்" என்று யாரும் பேரம் பேசவில்லை. விடுதலை முன்னே வந்தது. கட்டளைகளின் தொடக்க வாக்கியம்கூடக் கட்டளை இல்லை: "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே." கிருபை அங்கேயே ஆரம்பித்துவிட்டது. நம் பழைய மொழிபெயர்ப்பு 'நியாயப்பிரமாணம்' என்றும், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'திருச்சட்டம்' என்றும் சொல்லும் எபிரெயச் சொல் 'தோரா'. அதன் அடிப்படைப் பொருள் போதனை, வழிகாட்டுதல். நம் காதில் அது நீதிமன்ற வாடையோடு மட்டுமே விழுவது ஓர் இழப்புதான்.

தணிக்கையாளரைத் துரத்தினால் குறை தீருமா?

நியாயப்பிரமாணம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். தணிக்கையாளர் வருகிறார், பேரேட்டைப் புரட்டுகிறார், இவ்வளவு குறைகிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார். குறையைக் கண்டுபிடிப்பார், தன் பையிலிருந்து எடுத்து நிரப்ப மாட்டார். பவுல் ரோமர் 3:20இல் சொல்வது இதைத்தான்: "பாவத்தை அறிகிற அறிவு நியாயப்பிரமாணத்தினால் வருகிறது", ஆனால் அதன் கிரியைகளால் ஒருவரும் நீதிமானாக்கப்படுவதில்லை. நிரப்புவது அதன் வேலை இல்லை என்பதால் அது கெட்டதாகிவிடாது. அதே பவுல் ஏழாம் அதிகாரத்தில், கற்பனை "பரிசுத்தமாயும் நீதியாயும் நன்மையாயும் இருக்கிறது" என்கிறார். தணிக்கையாளரைக் கட்டடத்தை விட்டே துரத்திவிட்டாலும் பெட்டியில் குறைந்த பணம் குறைந்ததுதான்.

போதகர் உங்களுக்குச் சொன்னது ரோமர் 6:14. ஆனால் வசனத்தின் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். முழு வசனம் இது: "நீங்கள் நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால், பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது." பாவத்தின் அதிகாரம் உடைந்தது என்பதுதான் அங்கே செய்தி. இதை யாராவது தவறாகப் பிடித்துக்கொள்வார்கள் என்று பவுலுக்கே தெரிந்திருக்கிறது. அடுத்த வசனத்திலேயே, கிருபைக்குக் கீழ்ப்பட்டிருப்பதால் பாவஞ்செய்யலாமா என்று கேட்டு, "கூடாதே" என்று ஒரே சொல்லில் முடிக்கிறார்.

இனி அறிக்கையிட வேண்டாம் என்பதும் நிற்காது. பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்ற 1 யோவான் 1:9 அவிசுவாசிகளுக்கு எழுதியது என்று சிலர் விளக்குவார்கள். அடுத்த அதிகாரம் "என் பிள்ளைகளே" என்றுதான் தொடங்குகிறது. இயேசு கற்றுத்தந்த ஜெபத்தில் அன்றன்றுள்ள அப்பத்துக்குப் பக்கத்திலேயே "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்பதும் இருக்கிறது. அப்பம் தினமும் வேண்டும் என்றால் மன்னிப்பும் அப்படித்தான்.

இந்தச் சண்டை புதிதில்லை. மனிதன் தன் முயற்சியால் பாவமின்றி வாழ முடியும் என்று துறவி பெலாகியுஸ் சொன்னதை ஆயர் அகஸ்தீன் எதிர்த்தார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் சங்கம் பெலாகியுஸின் போதனையை நிராகரித்தது. பதினாறாம் நூற்றாண்டில் இதே கயிற்றின் மறுமுனையை இழுத்தவர், சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரின் சொந்தச் சீடர் யோஹான் அக்ரிகோலா. விசுவாசிகளுக்கு நியாயப்பிரமாணத்தைப் பிரசங்கிக்கவே தேவையில்லை என்றார் அவர். கிருபையைப் பற்றி லூத்தரைவிட உரக்கப் பேசியவர்கள் குறைவு. அவரே 1537 முதல் அக்ரிகோலாவுக்கு எதிராகத் தொடர் விவாதங்கள் நடத்தினார். இரட்சிப்பு எப்படிக் கிடைக்கிறது என்பதில் பிரிந்துபோன கத்தோலிக்கரும் லூத்தரன் சபைகளும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். நம்முடைய எந்தத் தகுதியினாலும் அல்லாமல் கிருபையினால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அந்தக் கிருபையே நம்மை நற்கிரியைக்கு ஆயத்தப்படுத்துகிறது என்பது அதன் சாரம். எபேசியர் 2:8, 9, 10 மூன்றையும் சேர்த்து வாசித்தால் இதுதான் கிடைக்கும். பெரும்பாலான பிரசங்கங்கள் ஒன்பதோடு நின்றுவிடுகின்றன, நற்கிரியையைச் சொல்லும் பத்தாம் வசனத்துக்குப் போவதில்லை.

"என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்"

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வேதத்தில் நான் முதலில் திறக்கும் இடம் பிலேமோன் நிருபம். ஒரே அதிகாரம், இருபத்தைந்து வசனங்கள். ஒநேசிமு என்ற அடிமை எஜமானை விட்டுப் பிரிந்து வந்து பவுலிடம் விசுவாசியாகிறான். எதையோ எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம் என்ற தொனி கடிதத்தில் இருக்கிறது. அவனைத் திருப்பி அனுப்பும்போது பவுல் என்ன எழுதுகிறார்? அவன் இப்போது கிறிஸ்துவுக்குள் வந்துவிட்டான், பழையதைப் பேசாதே என்றா? "அவன் உமக்கு யாதொரு அநியாயஞ்செய்ததும், உம்மிடத்தில் கடன்பட்டதும் உண்டானால், அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று எழுதி, "நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன்" என்று சொந்தக் கையால் உறுதி கொடுக்கிறார்.

கணக்கு எழுதுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடனைத் தள்ளுபடி செய்தாலும் அந்தத் தொகை ஆவியாகிப் போவதில்லை. யாரோ ஒருவர் நஷ்டத்தில் அது ஏறுகிறது. தேவனுக்கும் உங்களுக்கும் இடையிலான கணக்கில் அந்த நஷ்டத்தைக் கிறிஸ்து ஏற்றார் என்பதுதான் சுவிசேஷம். அங்கே உங்கள் பங்காக நீங்கள் ஒரு காசும் சேர்க்க முடியாது. ஆனால் உங்கள் நிறுவனத்தின் பேரேட்டில் நஷ்டத்தை ஏற்றுக்கொண்டிருப்பது யார்? நிறுவனம். அவர்கள் சம்மதித்து மன்னித்ததில்லை. அவர்களுக்குத் தெரியவே தெரியாது. இரண்டு கணக்குகளையும் ஒன்றாக்கியதில்தான் உங்கள் போதகர் தடுமாறியிருக்கிறார்.

வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவின் கதையில் இயேசு முதலில் அவன் வீட்டுக்கு வந்து தங்கினார். திருப்பிக் கொடுக்கும் பேச்சு அதன் பிறகு, சகேயுவின் வாயிலிருந்தே வந்தது. தானாக ஒப்புக்கொண்டு திருப்பிக் கொடுப்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும் என்பது லேவியராகமம் ஆறாம் அதிகாரத்தின் விதி. சகேயு நாலத்தனை என்றான். யாரும் நிர்ப்பந்திக்கவில்லை. இயேசுவும், "அது கிரியை, வேண்டாம்" என்று தடுக்கவில்லை. "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார். ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: மன்னிப்பை வாங்குவதற்காகத் திருப்பிக் கொடுத்தால் நீங்கள் பயப்படுவது சரி. மன்னிப்புக் கிடைத்ததால் பயமில்லாமல் திருப்பிக் கொடுக்க முடிகிறது என்றால், அது கிருபை உங்கள் கைவரை வந்துவிட்டதற்கு அடையாளம்.

காணிக்கைப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல மனதோடுதான் போட்டீர்கள். ஆனால் தேவனிடம் எடுத்ததைப் போலத் தேவனிடம் கொடுத்திருக்கிறீர்கள். பறிகொடுத்தவருக்கு இன்னும் ஒன்றும் போய்ச் சேரவில்லை. மேலே சொன்ன அதே லேவியராகமப் பகுதியில் உரியவருக்குக் கொடுப்பது முதலில், பலி அதற்குப் பின். மலைப்பிரசங்கத்தில் இயேசு, காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடே ஒப்புரவாகச் சொல்கிறார். நியாயப்பிரமாணமும் கிருபையும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே குரலில் பேசுகின்றன.

எபிரெயர் 10:26 உங்களைப் பற்றியதா?

இல்லை என்று நினைக்கிறேன். "மனப்பூர்வமாய்ப் பாவஞ்செய்கிறவர்களாயிருந்தால்" என்ற தமிழைக் கவனியுங்கள். 'செய்தால்' என்று இல்லை, 'செய்கிறவர்களாயிருந்தால்' என்று இருக்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள தொடர்நிலையை மொழிபெயர்ப்பாளர்கள் அழகாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். யாரைக் குறித்து என்பது 29ஆம் வசனத்தில் தெரியும்: தேவகுமாரனைக் காலின்கீழ் மிதித்து, கிருபையின் ஆவியை நிந்திக்கிறவர்கள். கிறிஸ்துவே வேண்டாம் என்று விலகிப்போகும் ஆபத்தில் இருந்தவர்களுக்கு எழுதிய எச்சரிக்கை அது. நீங்கள் நிறுத்திவிட்டீர்கள், வருந்துகிறீர்கள், அவரைத் தேடித்தான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்கிறீர்கள். அதே நிருபம் நான்காம் அதிகாரத்தில், "தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்" என்றும் சொல்கிறது. மூப்பர் அந்தப் பக்கத்தையும் திருப்பிக் காட்டியிருக்கலாம்.

திருவிருந்து விஷயமும் இதோடு சேர்ந்ததே. "அபாத்திரமாய்" பங்குபெறக் கூடாது என்று 1 கொரிந்தியர் 11 சொல்வதால் வெளியே போகிறீர்கள். அந்தச் சொல் பங்குபெறும் விதத்தைக் குறிக்கிறது; பங்குபெறும் ஆளின் தகுதியை அல்ல. தகுதி பார்த்தால் பந்தியில் யார் மிஞ்சுவார்கள்? அடுத்த வசனத்தில் பவுல், தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்கிறார். சோதித்தறிந்து எழுந்து போகச் சொல்லவில்லை.

அந்தப் பெண்

உங்கள் கடிதம் ஒன்பது பக்கம். அதில் அவருக்குக் கிடைத்தது இரண்டு வரி. இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நமக்கு அதிகம் வலிக்கும் இடத்தை நாம் வேகமாகக் கடந்துபோவோம் என்பது இத்தனை ஆண்டு ஆலோசனைப் பணியில் நான் பார்த்தது. உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது பணம் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தாவீது "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக" பாவம் செய்தேன் என்று பாடினார். தாவீது யாருடைய மனைவியை எடுத்துக்கொண்டு கொல்லவும் செய்தாரோ, அந்த உரியா அதற்குள் செத்துப்போயிருந்தான், அவனிடம் கேட்க வழியே இல்லை. உங்களுக்கு இன்னும் வழி இருக்கிறது.

இதை வைத்துத்தான் உங்கள் முன்னே இருக்கும் வழிகளை எடைபோட வேண்டும். பேசாமல் இருந்துவிடலாம், கணவர் விரும்புவது அது. பெயர் சொல்லாமல் பணத்தை நிறுவனத்துக்கு அனுப்பலாம்; பலர் இதையே தேர்ந்தெடுக்கிறார்கள். பணக் குறை தீரும், ஆனால் அந்தப் பெண் மேல் விழுந்த நிழல் அப்படியே இருக்கும். அனுப்பியதே அவர்தான் என்றுகூட நினைத்துவிடுவார்கள். மூன்றாவது, நேரடியாக ஒப்புக்கொண்டு, திருப்பிக் கொடுத்து, அவருடைய பெயரையும் மீட்டுத் தருவது. நான் மூன்றாவதன் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் அது மலிவான வழி என்று சொல்லி உங்களை அனுப்ப மாட்டேன்.

பணத்தைத் திருப்பித் தந்துவிட்டால் சட்டப்படி ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறான நம்பிக்கை. முதலாளியின் பணத்தைக் கையாடல் செய்வது எங்கும் குற்றமாகவே கருதப்படும். திருப்பித் தருவது பொதுவாகத் தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றத்தைத் தானாக அழித்துவிடாது. வேலை போகலாம், வழக்கும் வரலாம். தாவீதுக்கு மன்னிப்பு அறிவித்த அதே மூச்சில்தான் தீர்க்கதரிசி நாத்தான் விளைவுகளையும் சொன்னார். ஆகவே நிறுவனத்திடம் வாய் திறப்பதற்கு முன், கையெழுத்துப் போட்டு எதையும் கொடுப்பதற்கு முன், ஒரு குற்றவியல் வழக்கறிஞரைப் பாருங்கள். நடந்துபோன குற்றத்துக்காக ஆலோசனை கேட்டு நீங்கள் சொல்வதை அவர் இரகசியமாகக் காக்கக் கடமைப்பட்டவர். எப்படி ஒப்புக்கொள்வது, ஒரே தவணையிலா பல தவணையிலா, அந்தப் பெண்ணின் பெயரை நீக்குவதை எழுத்தில் எப்படிப் பெறுவது என்பதெல்லாம் அவரிடம் கேட்க வேண்டியவை. தப்பிக்க வழி தேடுவதாக இதை நினைக்காதீர்கள். விவேகமும் கிருபைக்குள் அடக்கம்.

சபையில் எல்லார் முன்பாகவும் எழுந்து சாட்சியாகச் சொல்லத் தோன்றுவதாக எழுதியிருந்தீர்கள். இப்போது வேண்டாம். நீங்கள் கடன்பட்டிருப்பது சபைக்கு அல்ல.

கணவரிடம் கோபம் கொள்ளாதீர்கள். பயத்துக்கு வசனத்தைப் போர்த்தியிருக்கிறார், அவ்வளவே. அந்தப் பயம் நியாயமானது. வருமானம் போனால் பிள்ளைகளின் படிப்பு என்னவாகும் என்ற கேள்வி அதற்கு அடியில் இருக்கிறது. வழக்கறிஞரைப் பார்க்க அவரையும் அழைத்துப் போங்கள். தெரியாத ஆபத்தைவிடத் தெரிந்த ஆபத்து அவருக்குத் தாங்க எளிதாக இருக்கும்.

இரவு ஜெபம் பற்றிக் கடைசியாக. ஒரே மன்னிப்பை நாற்பது முறை கேட்பதும், ஒரு சொல் பிசகினால் முதலிலிருந்து தொடங்குவதும் பக்தி மிகுதியால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இது எண்ணச் சுழற்சி நோயின் (OCD) ஒரு வடிவமாக இருக்கக்கூடும். லூத்தர் மடத்தில் இருந்த நாட்களில் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து தன் ஆன்மிக வழிகாட்டியையே களைப்படையச் செய்தார். பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இதே வதையில் உயிரை விடும் எண்ணம்வரை போயிருக்கிறார். இன்று இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. அதுவரை இரவில் ஒரே ஒரு முறை, உங்கள் சொந்தச் சொற்களில் கேளுங்கள். சொல் தவறினால் தவறட்டும், ஆமென் சொல்லிவிட்டு விளக்கை அணையுங்கள். உங்களையும் அறியாமல் சாக வேண்டும் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால், நாளைக்கு என்று தள்ளாமல் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

இந்த வாரம் ஒரு தாளை எடுத்து, வழக்கறிஞரிடம் கொடுப்பதற்கென்றே, நினைவில் இருக்கும் தேதிகளையும் தொகைகளையும் எழுதிக் கூட்டுங்கள். செல்போனில் வேண்டாம், தாளில். கூட்டுத்தொகைக்குக் கீழே ஒரு வரி விட்டு அந்தப் பெண்ணின் பெயரை எழுதுங்கள். ஞாயிறன்று அப்பம் உங்கள் வரிசைக்கு வரும்போது எழுந்துவிடாதீர்கள்.